மருந்துக் கடை எதிரே, இடப்பக்கம்

மன்னிக்க வேண்டும். பேச்சு எழுதிய தாளை எடுக்கத்தான் பைக்குள் கையை விட்டேன். வந்தது வாழைப்பழத் தோல். போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் என் மனைவி தின்றுவிட்டுக் கையில் திணித்த தோல்! சிரியுங்கள், சிரியுங்கள். இதை இப்போது எங்கே வைப்பது? தலைவர் மேசையில் வேண்டாம். பைக்குள்ளேயே போகட்டும். அதற்கும் அது பழகிப் போன இடம்.

தாள் இல்லாமலே தொடங்குகிறேன்.

மூச்சிரைப்பையே முகவரியாகக் கொண்ட இந்த ஓட்டக்காரர் மன்றத்தின் மாண்புமிகு தலைவர் அவர்களே! நான் வாய் திறக்குமுன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட செயலாளர் அவர்களே! முழங்கால் தேய்ந்தாலும் முனைப்புத் தேயாத பெரியவர்களே! விடியுமுன் எழுந்து, வீட்டையும் ஓட்டி, வீதியிலும் ஓடும் தாய்மார்களே! பையும் பாட்டிலும் துண்டுமாகக் கடைசி வரிசையில் நிற்கும் என் இனமே, ஓடாதவர் கூட்டமே! அனைவருக்கும் நின்றபடியே என் வணக்கம்.

நான் யார்? லிஃப்ட் பழுது பார்ப்பவன். பத்தாவது வரை படித்தவன். பத்தாவது மாடி வரை போய் வருபவன். ‘பட்டனைப் பத்துத் தடவை அமுக்கினால் லிஃப்ட் பறந்து வராது, பொறுமையாக நில்லுங்கள்’ என்று ஊருக்கே உபதேசம் செய்பவன். அந்தப் பொறுமை எனக்கு உண்டா? பால் பொங்கும் வரை நிற்பேனா? பஸ் வரும் வரை நிற்பேனா? இருப்புக் கொள்ளாத பிறவி ஐயா நான்!

என் மனைவிக்குத் துணித் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரமும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். நாற்பத்தொன்றாம் வயதில் ஒருநாள், “ஏங்க, எனக்கு ஓடணும் போல இருக்கு” என்றாள். “யாரு துரத்துறாங்க?” என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

“இத்தன வருஷமா நின்ன காலுங்க. அது என்னதான் செய்யும்னு ஒரு தடவ பாத்துடணும்” என்றாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை. குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் எழுதி வைத்தாள்: நாலு ஐம்பத்தொன்பது. நான் முகம் மழிக்கும்போதெல்லாம் அது என் நெற்றியில் தெரியும்.

முதல் ஓட்டத்தில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றேன். அவள் வந்தாள். உற்சாகம் தாங்காமல், “இன்னும் கொஞ்ச தூரந்தான்!” என்று கத்தினேன். ஓடிக்கொண்டே திரும்பி, ஊரே பார்க்க, “வாய மூடுங்க!” என்றாள். முப்பது கிலோமீட்டர் மீதி இருப்பவளிடம் சொல்லும் வார்த்தையா அது? வேடிக்கை பார்ப்பவனுக்குத் தூரம் எப்போதும் கொஞ்சந்தான். அன்று அவள் முடித்தபோது ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

இரண்டாவது ஓட்டத்துக்குச் சட்டம் போட்டுவிட்டாள். “முப்பத்திநாலாவது கிலோமீட்டர். மருந்துக் கடை எதிர்ல, இடப்பக்கம். உப்புப் போட்ட எலுமிச்சத் தண்ணி. நகரக் கூடாது.” நாலே கட்டளை. முதல் மூன்றை நிறைவேற்றினேன்.

அவள் இடுப்பில் கட்டியிருந்த போன், அவள் எங்கே வருகிறாள் என்று என் போனில் ஒரு புள்ளியாகக் காட்டும். புள்ளி நகர்ந்தால் நான் மூச்சு விடுவேன். முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் புள்ளி நின்றது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். திரையைத் தட்டினேன், தேய்த்தேன், திட்டினேன். லிஃப்ட் பட்டனைப் பத்துத் தடவை அமுக்கும் அதே முட்டாளாக நானே நின்றேன்! விழுந்துவிட்டாளா? மயக்கமா? கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்கு இரண்டும் ஓடின, தப்பான தெருவில்! குறுக்குச் சந்து வழியாக முப்பத்தொன்றுக்குப் பறந்தேன். அங்கே அவள் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்திருக்கிறது. புள்ளிதான் நின்றது; புறப்பட்டவள் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது மருந்துக் கடைக்காரர் வாசலில் நின்றார். “சார், எங்க போனீங்க? ஒரு அம்மா இங்கயே நின்னு உங்களத் தேடிட்டு இருந்தாங்க. தண்ணி குடுத்தேன், வாங்கல. ‘அந்த ஆளு இங்கதான் நிக்கணும், ஏதோ ஆயிடுச்சு’ன்னு ஒரே அழுக. பதினோரு நிமிஷம் சார். இப்பத்தான் போறாங்க.”

பதினோரு நிமிடம்! அன்பர்களே, ஓட வேண்டியவள் நின்றாள். நிற்க வேண்டியவன் ஓடினான். அன்று அவள் முடிக்க எடுத்தது ஐந்து மணி நேரம் ஆறு நிமிடம். கழித்தலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லைக் கோட்டில் திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். “உங்களுக்கு ஒண்ணும் இல்லயே?” என்றாள். திட்டியிருக்கலாம். எங்கள் மகள்தான் வீடு வரும்வரை, “அப்பா, உங்கள ஒரு கம்பத்துல கட்டி வெச்சிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இரவுச் சோற்றைப் போடும்போது மனைவி ஒன்று சொன்னாள்: “ஓடறது என் வேல. நிக்கறது உங்க வேல. உங்க வேலைய நீங்க விட்டதால, என் வேலையும் போச்சு.”

செயலாளர் விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமா, ஐயா? ஓடுகிறவர்களுக்கு ஐந்து மணி நேரம் கொடுக்கிறீர்கள், நின்றவனுக்கு ஐந்து நிமிடம் கூடாதா?

போன ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது ஓட்டம். அதே கடை. அதே பக்கம். என் போனை மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்து, “கேட்டாலும் குடுக்காதீங்க” என்றேன். அவர் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, “ஸ்டூல் வேணுமா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். ஐந்து மணிக்குத் தொடங்கிய ஓட்டம். எட்டு ஐம்பதுக்கு அவள் வர வேண்டும். எட்டு ஐம்பது. வரவில்லை. எட்டு ஐம்பத்துமூன்று. வரவில்லை. “சாவியைக் குடுங்க” என்றேன். “மாட்டேன் சார்” என்றார். உள்ளங்கால் அரித்தது. சந்து கூப்பிட்டது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மகள் சொன்ன கம்பம்!

நிற்பது ஒரு வேலையா என்று கேட்பவர்களே, கேளுங்கள்! நம்பி ஒருத்தி வருகிறாள் என்றால், நிற்பதும் வேலைதான். அவள் வரும்வரை அடையாளமாக, வந்தபின் துணையாக, போனபின் அவள் முதுகைப் பார்க்கும் கண்ணாக நிற்பதும் வேலைதான்!

ஒன்பது மணிக்கு வந்தாள். நொண்டிக்கொண்டு வந்தாள். இடது காலுறையின் முனை சிவந்திருந்தது. தூரத்திலிருந்தே அவள் கண் கம்பத்தைத் தேடியது, என்னைக் கண்டது. பாட்டிலை வாங்கினாள், பழத்தைத் தின்றாள், தோலைத் திணித்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “முடியலங்க. நீங்க சொல்லுங்க. நிறுத்திடவா?” என்றாள்.

நான் சொன்னால் நிறுத்தியிருப்பாள். நான் சொன்னது இதுதான்: “மணி ஒம்பது. இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கு. போ.” கொஞ்ச தூரம் என்று சொல்லவில்லை. முறைத்தாள். போனாள்.

நாலு மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.

கைதட்டு எனக்கு வேண்டாம், முதல் வரிசையில் கால் புண்ணுக்குக் கட்டும் செருப்புமாக உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்குத் தட்டுங்கள்! நிற்கத் தெரியாதவனுக்கு நிற்க ஓரிடம் தந்த மருந்துக் கடைக்காரருக்கும், மேடை தந்த மன்றத்துக்கும் நன்றி. வணக்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்ததைச் சொன்ன பிறகு எனக்குக் குரல் வராது.

அவள் என் சட்டையைப் பிடித்து நின்றபோது, தொண்டை வரை வந்து, நான் விழுங்கிய வார்த்தை ஒன்று உண்டு:

“போதும்மா. வா, வீட்டுக்குப் போயிடலாம்.”