முன்வரிசையில் ஒரு கை

மாணவர்கள் நடத்தும் ஓபராவுக்குப் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. முன்வரிசை எப்போதும் காலியாக இருக்கும். ஜெர்மன்காரர்களுக்கு அங்கே உட்காரக் கூச்சம். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கார்ல்ஸ்ரூஹேயில் கம்ப்யூட்டரோடு மாரடித்த நேரம் போக, என் மகள் மதுமதி படிக்கும் இசைப் பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறிப் போய்விடுவேன். ஒத்திகைக்குக்கூட என்னை உள்ளே விடுவார்கள்.

எந்தப் பாட்டானாலும் தொடையில் தாளம் போடுவது என் வழக்கம். சத்தம் வராது. ஆனால் சின்ன அரங்கம், மேடையில் நிற்பவர்களுக்கு என் கை நன்றாகத் தெரியும்.

இந்த வருஷம் நாயகி வேஷம் இரண்டு பேருக்கு. முதல் நாள் வேணுஜா, மறுநாள் மதுமதி. ஒரு பெரிய நாடக அரங்கிலிருந்து ஓர் அம்மையார் இரண்டு நாளும் வந்து கேட்டு, ஒருத்தியைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வதாகப் பேச்சு. வேணுஜா எசன் நகரத்தில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். தங்கமான பெண். மதுமதியைவிட நன்றாகப் பாடுவாள். மற்றபடி அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இரண்டாம் அங்கத்தில் ஓர் இடம். வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். நாயகி மௌனமாக எட்டு எண்ணிவிட்டு, வாத்தியங்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் பாட்டை எடுக்க வேண்டும். வாத்தியக் குழுவை நடத்துகிறவனும் மாணவன்தான். அந்த இடத்தில் பயந்துபோய்த் தாளிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டான். ஒத்திகையில் நான் போட்ட தாளம் பிசகவே இல்லை.

"அங்கிள், அந்த இடத்தை எண்ணிப் பிடிக்க எனக்கு ஏலாமல் கிடக்கு" என்றாள் வேணுஜா. "சின்னனில சங்கீத வகுப்பில தாளம் பாத்துப் படிச்ச பழக்கம். இப்ப உங்கட கையைப் பாத்துத்தான் எடுக்கிறன். நாளைக்கும் முன்னுக்கே இருங்கோ, என்ன?"

"கட்டாயம் இருக்கேம்மா" என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான். இருந்தேன்.

மறுநாள், முதல் காட்சியில், வாத்தியங்கள் நின்றன. வேணுஜாவின் கண் என் தொடைக்கு வந்தது. ஏழாவது எண்ணிக்கைக்கே என் கை கடைசித் தட்டைத் தட்டிவிட்டது. அவள் எடுத்தாள். அப்புறம் அவள் ஒரு பக்கம், வாத்தியம் ஒரு பக்கம். அந்தப் பாட்டு முடியும்வரை ஒன்றையொன்று பிடிக்கவே முடியவில்லை. அந்த அம்மையார் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வாசலில் வேணுஜா அழுதுகொண்டிருந்தாள்.

"பிழை என்னிலதான் அங்கிள். நீங்கள் சரியாத்தான் போட்டிருப்பியள்."

கைக்குட்டையைக் கொடுத்தேன். துவைத்த கைக்குட்டைதான்.

அடுத்த நாள் மதுமதி. எனக்கு ஒரே ஒரு கவலை: ருசி கண்ட கை, இன்றும் முந்திக்கொண்டால்? பெற்ற பெண்ணின் வாழ்க்கை. அதனால் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டு, முஷ்டியை இறுக்கிக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் அற்புதமாகப் பாடினாள். என் கண் கலங்கிவிட்டது. அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. மதுமதியின் கண்ணும் நேரே என் தொடைக்கு வந்தது. அவளுக்கு ஐந்து வயதில் முதல் பாட்டை அந்தத் தொடையில்தான் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. அவள் தேடினாள். வாத்தியங்கள் எடுத்துவிட்டன, அவள் இன்னும் தேடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள்.

ரயிலில், "கை எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள்.

"குளிரா இருந்ததும்மா" என்றேன்.

அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. அதற்குத்தான் இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வேணுஜா விஷயத்தில் நான் வேண்டுமென்றேதான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மகளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அன்றைக்கு நான் கையைக்கூட அசைக்கவில்லை.