பத்தொன்பது வரை என்னுடையவள்

இந்த மனிதர் தன் ஜன்னல் செடிக்கே தண்ணீர் ஊற்றுவதில்லை, நாளைக்கு நீதிபதி முன்னால் எனக்காக என்ன பேசிவிடப் போகிறார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் எனக்குத் தோன்றியது இதுதான், திரு. கீஃபர். அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் இப்போது சொல்கிறேன். இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது, அது உங்கள் தொழிலின் சத்தியம் என்றீர்கள். முடிந்துபோன காரியமாக இருந்தாலும் தாண்டாதா என்று கேட்டேன். தாண்டாது என்றீர்கள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நம் பக்கம்தான் என்று நான் இவ்வளவு நிச்சயமாக இருப்பது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் மூத்த மகள் கெண்ட்ராவுக்குப் பதினாறு வயது. பெற்றோர் பொறுப்பிலிருந்து தன்னைச் சட்டப்படி விடுவிக்க வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறாள். நம் நெப்ராஸ்காவில் பத்தொன்பது வயதுவரை பிள்ளை பிள்ளைதான். ஆற்றைத் தாண்டி அயோவாவுக்குப் போனால் பதினெட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் மாநிலத்துக்கு விவரம் அதிகம் என்று நான் எப்போதும் நினைப்பேன். ஆனால் அதே மாநிலம்தான் பதினாறில் மனுப் போடலாம் என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. எந்த மடையன் வைத்தானோ.

மனுவை நான் பலமுறை படித்தேன். என்னைப் பற்றி அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, பள்ளிக்குப் போகிறேன், என்னை நானே பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். வாடகை வீட்டைக் காலி செய்கிறவள் எழுதுவதுபோல இருந்தது. அவளைப் பெற இரண்டு பகல் வலித்துக் கிடந்தவள் நான். திட்டியாவது எழுதியிருக்கலாம். திட்டினால் பதில் சொல்லலாம். இதற்கு என்ன பதில் சொல்வது.

என் கணவர் லோனி மாட்டு லாரி ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார். அவரிடம் மனுவைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றாமலே படித்தார்.

"விட்டுடு டார்லா. அவ போன வசந்தத்துலயே போயிட்டா. இப்ப காயிதம்தான் கேக்கறா."

"உங்களுக்கென்ன, நீங்க பெத்தவரா? லாரில ஏத்தி எறக்கறவரு. எறக்கிட்டா முடிஞ்சுது."

 அவர் ஆட்சேபிக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. கல்யாணத்தன்றும் அப்படித்தான் நின்றார்.

போன வசந்தத்தில் கெண்ட்ரா மாட்டு டாக்டர் மர்னா பெட்டர்சன் வீட்டு மாடி அறைக்குப் போய்விட்டாள். அங்கேயே வேலை. கூண்டு கழுவுவாள், கன்றுகளைப் பிடித்துக்கொள்வாள், மருந்து அலமாரியின் சாவி அவளிடம் இருந்தது. மர்னா நல்லவள்தான். பிள்ளை இல்லாதவர்கள் அடுத்தவர் பிள்ளையிடம் நல்லவர்களாக இருப்பது சுலபம்.

ஏன் போனாள் என்று நீங்களும் கேட்பீர்கள். கால்விரல் விஷயமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஜனவரியில் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னாள். என்ன சொல் என்பது இப்போது எனக்கு மறந்துவிட்டது. வெளியே போய் நின்று யோசித்துப் பார், மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் கதவைத் தட்டு என்றேன். காலில் காலுறை இருந்தது. நான் கதவருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அது சுலபமாக இல்லை. தட்டியிருந்தால் அந்த நிமிஷமே திறந்திருப்பேன். அவள் தட்டவில்லை. இடது காலில் இரண்டு விரல்களின் நுனி பனியில் உறைந்து கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிற்று. யோசித்துப் பாருங்கள், கதவு நான்கடி தூரத்தில் இருந்தது. அப்படியானால் அந்த விரல்களுக்கு யார் பொறுப்பு.

மாட்டுக்குத் தீனி வைக்கப் போனபோது பூட்ஸுக்குள் பனி புகுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். கெண்ட்ராவும் ஆமாம் என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இளையவள் லேசிக்கு ஒன்பது வயது. கீழே காரில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கதவைத் தட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

கெண்ட்ராவிடம் ஒரு காளை இருந்தது. பிள்ளைகள் வளர்த்த மாடுகளுக்குப் பரிசு கொடுக்கும் கவுண்டி கண்காட்சிக்காகக் கன்றிலிருந்து வளர்த்து, காயடித்து, கயிற்றில் நடக்கப் பழக்கியது. பட்டன் என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டை விட்டுப் போனபோது துணிமணிகளைக்கூடச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தக் காளையை மட்டும் ஓட்டிக்கொண்டு போனாள். தினமும் குளிப்பாட்டி, முடியை ஊதி உலர்த்தி, மேல்நோக்கி வாரிவிடுவாள். தாடைக்குக் கீழே சொறிந்துவிட்டால் பட்டன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை முன்னால் நீட்டிக் கொடுக்கும். அது அவள் பழக்கியது.

நீங்கள் டவுன்காரர், இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். கண்காட்சிக் கொட்டகைக்குப் பூட்டுக் கிடையாது. பிள்ளைகள் சாப்பிடப் போனால் பக்கத்து மாட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். எவருடைய அம்மாவும் எவருடைய மாட்டுக்கும் தண்ணீர் காட்டுவாள். ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் அது அவமரியாதை. ஆனால் விதி ஒன்று உண்டு. ஜெயித்த மாட்டுக்குச் சிறுநீர்ச் சோதனை. அதன் உடம்பில் எது இருந்தாலும், யார் கொடுத்திருந்தாலும், அதைக் களத்துக்கு ஓட்டி வந்த பிள்ளைதான் பொறுப்பு. நல்ல விதி. பிள்ளைகளுக்குப் பொறுப்புத் தெரிய வேண்டும்.

நொண்டுகிற மாட்டுக்கு வலி மருந்து போட்டு நேராக நடக்க வைப்பது எங்கள் பக்கத்தில் ஆகப் பெரிய அசிங்கம். திருட்டைக்கூட மன்னிப்பார்கள். பட்டன் நொண்டவில்லை. அது நேராகத்தான் நடந்தது. ஆனால் மருந்து எதற்குப் போட்டது என்று சிறுநீரில் தெரியாது, இல்லையா.

அந்த மருந்து எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கன்று போட முடியாமல் பசு படுத்துவிட்டால் நான்தான் குத்துவேன். கழுத்து நரம்பில் ஏற்ற வேண்டும், கை நடுங்கக் கூடாது. என் கை நடுங்குவதில்லை.

மனு வந்த பிறகு நடந்த கண்காட்சியன்று காலையில் எல்லாரும் பேன்கேக் சாப்பிட வரிசையில் நின்றார்கள். நான் கொட்டகைக்குள் போனபோது எதிர்வரிசையில் ஹார்லன் கிழவர் மட்டும் தன் பேரனின் ஆட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன டார்லா, உன் பொண்ணு அந்த மாட்டுக்குத் தலை சீவற நேரத்துல பாதி தனக்குச் செலவழிச்சிருந்தா இந்நேரம் அழகு ராணி ஆயிருப்பா."

"அவளுக்கு மாடுதான் ராஜா, ஹார்லன். நம்மள எல்லாம் கண்ணுக்கே தெரியாது."

"இன்னிக்கு ரிப்பன் அதுக்குத்தான். எழுதி வச்சுக்க. என் பேரன் ஆடு என்னையே முட்டுது, அதுக்கு எவன் குடுப்பான்."

சிரித்தேன். அவர் திரும்பித் துடைக்க ஆரம்பித்தார். நான் பட்டனின் தாடைக்குக் கீழே சொறிந்தேன். அது கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

ஹார்லன் சொன்னது எனக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அதற்கு இணையான காளை இல்லை. ஜெயிக்காவிட்டால் சோதனை இல்லை, அவள் தப்பித்துக்கொள்வாள். என் மகள் ஜெயிப்பாள் என்று நம்பித்தான் நான் அதைச் செய்தேன். எத்தனை தாய்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கும். இதுதான் ஜெயித்தது என்று நடுவர் அதன் முதுகில் தட்டியபோது அரங்கத்திலேயே முதலில் எழுந்து கைதட்டியது நான். கெண்ட்ரா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

சோதனை முடிவு வந்ததும் கண்காட்சிக் கமிட்டி அவளைக் கூப்பிட்டது. ஊரில் பாதிப்பேர் அந்த ஹாலில் இருந்தார்கள். நான் லேசியோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். லேசி நெளிகிற பிள்ளை, அதனால் அவள் பிடரியில் கை வைத்திருந்தேன்.

கமிட்டித் தலைவர் இதமாகத்தான் கேட்டார். "மருந்து நீ போட்டியாம்மா?"

"போடல சார்."

"வேற யாராச்சும் பட்டன்கிட்டப் போனாங்களா? யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல."

கெண்ட்ரா எங்கள் பக்கம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது. கழுத்தில் ஊசி போட்ட இடத்தில் ஒரு சின்ன முடிச்சு இருந்திருக்கும். தினமும் அந்த முடியைச் சீவுகிறவளின் விரலுக்கு அது தட்டுப்படாமல் இருக்காது. வாயைத் திறந்தாள். லேசி நெளிந்தாள், நான் பிடரியைக் கொஞ்சம் அழுத்தினேன்.

"யாரும் போகல சார்," என்றாள் கெண்ட்ரா.

ரிப்பனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இனி எந்தக் கண்காட்சியிலும் அவள் மாடு ஓட்ட முடியாது. மர்னா தன் அலமாரியைச் சரிபார்த்தாள், ஒரு சீசாவும் குறையவில்லை. ஆனாலும் மருந்து போட்டு ஏமாற்றுகிற பெண் எங்கள் மாட்டைத் தொட வேண்டாம் என்று பண்ணைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மர்னா கெண்ட்ராவிடம் என்ன சொன்னாள் என்பதை என்னிடமே வந்து சொல்லி அழுதாள்.

"'நான் உன்ன நம்பறேன்டி, ஆனா ஊரு என்ன நம்பணுமே'ன்னு சொல்லிட்டேன் டார்லா. சாவியக் குடுன்னு கேட்டேன். கழட்டிக் குடுத்தா. ரூமையும் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறேன்னு அவளே சொல்றா. ஏதாவது பண்ணு, நீ அவ அம்மா."

மர்னாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். பழம் வைத்த கோலாச்சி பன்னும் சூடு பண்ணிக் கொடுத்தேன். அம்மா என்ற முறையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல முடியாதே.

பட்டனை எங்கள் தொழுவத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். சின்னப் பிள்ளையின் மாடு சட்டப்படி பெற்றோரிடம்தான் வரும். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை வைத்திருந்து வெட்டுக்கு அனுப்பினேன். கண்காட்சி முடிந்தால் எப்படியும் வெட்டுத்தான், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கெல்லாம் அழமாட்டார்கள். இறைச்சி நன்றாக இருந்தது. நல்ல தீனி போட்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு பொட்டலம் லேசியிடம் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம்.

அதனால் நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை, இடம் இல்லை, அவளுக்காக நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆள் இல்லை. நீதிபதி வேறென்ன செய்வார். வீட்டுக்கு அனுப்புவார். நான் கோபமாக இருக்கிறேன் என்று உங்கள் முகம் சொல்கிறது. இருக்கிறேன். ஆனால் கோபத்தில் செய்த காரியம் இல்லை இது. கோபத்தில் செய்திருந்தால் நரம்பு கிடைத்திருக்காது.

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். எழுத எடுத்த பேனாவை அப்படியே வைத்திருக்கிறீர்கள்.

"மிஸஸ் நோவாட்னி, நான் இத வெளியில சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்லலாம். அதுகூட வேண்டாம். நாளைக்கு ஒரே ஒரு வார்த்த. 'எனக்கு ஆட்சேபணை இல்ல'ன்னு சொல்லுங்க. மர்னாகிட்ட நான் போய்ப் பேசறேன். ஏதாவது வழி பண்றேன். அந்தப் பொண்ணப் போக விடுங்க."

நல்ல மனிதர் நீங்கள். ஆரம்பத்தில் தவறாக நினைத்துவிட்டேன். என் வழக்கை விட்டு விலகுவதென்றால் விலகிக்கொள்ளுங்கள், வருத்தமில்லை, இந்தத் தெருவிலேயே இன்னொரு வக்கீல் போர்டு பார்த்தேன். அவர் கேட்டால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன்.

அவள் போக விரும்புகிறாள் என்று நீங்கள் எல்லாரும் நினைக்கிறீர்கள். அன்றைக்கு ஊர் முன்னால் என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் கிடைத்திருக்கும். சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். பாசம் இல்லாத பிள்ளை அப்படிச் செய்யுமா. ஹாலில் அவள் பார்த்தது உன்னை இல்லை, லேசியை என்று, நடந்தது தெரியாத மர்னாகூடச் சொல்கிறாள். மர்னாவுக்கு என்ன தெரியும், பெற்றவளா அவள்.

இல்லை, திரு. கீஃபர். ஆட்சேபணை இருக்கிறது.