இடது கைகள்

திண்டிவனம் போகும் பஸ்ஸில் செஞ்சியில் ஏறினேன். முன் சீட்டில் எம்.எட். படிக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் லேப்டாப்.

"மார்க்குக்குக் குடுக்கற டிஜிட்டல் போர்ட்ஃபோலியோல அந்த இடது கை விஷயத்தயும் எழுதிட்டேன்டி."

"இன்னாடி சொல்ற?"

"நான் பாடம் எடுத்த வீடியோல எல்லாப் புள்ளையும் கை தூக்குதுல்ல? பாக்கறவங்களுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி இருக்கட்டும்னு, தெரிஞ்சா வலது கை, தெரியலன்னா இடது கைன்னு நான்தான சொல்லி வச்சேன். அத எழுதிட்டேன்."

"மார்க் போயிடும்டி."

"போவட்டும். நம்ம வகுப்பப் பத்தி நாமளே யோசிச்சு எழுதத்தான சொன்னாங்க? எண்ணிப் பாத்தேன், பாதிக்கு மேல இடது கை. மறுநாளு அதே பாடத்த வேற மாதிரி எடுத்தேன். அந்த வீடியோவும் இருக்குது. தெரிஞ்சா மட்டும் தூக்குங்கன்னுட்டேன், அதுல பத்து புள்ளைங்கதான் கை தூக்குது. பத்துக்கும் நெஜமாவே தெரியும்."

பஸ் வல்லம் தாண்டியது. தோழி போனில் தன் வகுப்பு வீடியோவை எடுத்து, நிறுத்தி, இடது கைகளை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள்.