சோடியம் என்று போட்டிருந்த பெட்டி

குழந்தைக்குக் காலை உணவு வாங்க என் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டவர் அந்தக் கடையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊராருக்குப் பொடி எழுத்தைத் தெளிவாகக் காட்டுவது பிழைப்பு. சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தானிய உணவுப் பெட்டிகளின் முதுகைப் படிப்பேன். பிள்ளை அப்போதுதான் புட்டிப்பாலிலிருந்து திட உணவுக்கு மாறிக்கொண்டிருந்தான். பெற்ற அன்றே அவன் அம்மா போய்விட்டாள். அப்பன் உப்பு குறைந்த பெட்டியையாவது தேர்ந்தெடுக்க வேண்டாமா?

மற்றதையெல்லாம் என் மனைவியின் அக்கா பார்த்துக்கொண்டார். அவள் கூப்பிட்டபடியே நானும் அக்கா என்பேன். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, காய்ச்சலுக்குக் கண்விழிப்பது எல்லாம் அவர். பெட்டி மட்டும் நான். ராஜ்யம் சின்னதுதான்; ஆனாலும் நான் ராஜா.

கடைசியில் ஒரு பெட்டி அகப்பட்டது. மற்றவற்றில் இருந்த எண்ணில் பாதிகூட இல்லை. அக்கா ஒரு கரண்டி கரைத்து வாயில் வைத்துப் பார்த்தார்.

“உப்பா இருக்கே, தம்பி.”

“இருக்கறதுலயே இதுலதான் கம்மி, அக்கா. பாருங்க, போட்டிருக்கு.”

“அவன் பெட்டியையா திங்கப் போறான்? என் நாக்கு சொல்லுது.”

“நாக்குக்கு நம்பர் தெரியுமா?”

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க!”

அவர் சிரித்தார். பிள்ளையும் சிரித்தான். பல் முளைக்காத பிள்ளைக்கு என்ன புரியும் என்பீர்கள். எனக்கு அது புரிந்து சிரித்த சிரிப்பாகத்தான் பட்டது.

அடுத்த முறை கடைக்குப் போனபோது ஒரு பெட்டியில் உப்பு, சோடியம் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் அச்சிட்டிருந்தார்கள். சோடியம் உப்பில் ஒரு பங்குதான். இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பின் அளவு வரும். மற்ற பெட்டிகளில் போட்டிருந்தது உப்பு. என் பெட்டியில் போட்டிருந்தது சோடியம். அலமாரியிலேயே அதிக உப்புள்ளதைத் தேடிப் பிடித்து வந்திருந்தேன். பூதக்கண்ணாடி எழுத்தைத்தான் பெரிதாக்கும், மூளையை அல்ல.

வீட்டில் சொல்லியிருந்தால் அக்கா ஒரு வாரம் கேலி செய்திருப்பார். அவ்வளவுதான். நான் சொல்லவில்லை.

அவர் சத்தமில்லாமல் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, உருளைக்கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து ஊட்டத் தொடங்கினார். அவரைக் கண்டாலே பிள்ளை குருவிக்குஞ்சு போல வாயைத் திறப்பான். என் கரண்டியைக் கண்டால் பூட்டிக்கொள்வான்.

“நான் இவன எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன், தம்பி. நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கோங்க,” என்றார்.

நல்ல யோசனை. நல்ல யோசனையாக இருந்ததுதான் சிக்கல்.

அக்கா ருசி பார்த்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போவார். அந்த நேரத்தில் கிண்ணத்தில் உப்பைக் கலந்தேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம். பிள்ளை முகம் சுளித்துத் துப்புவான், பெரியம்மாவின் கைப்பக்குவம் சந்தி சிரிக்கும். என் திட்டம் அவ்வளவுதான். அவன் முகம் சுளித்தான், ஆனால் துப்பவில்லை. அவர் கையால் கொடுத்தால் எதையும் விழுங்கினான். நான் மறுநாள் கூட்டினேன். அதற்கு மறுநாளும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “குழந்தை சாப்பாட்டுல இவ்வளவு உப்ப யாரு போட்டது?”

அக்காவைப் பார்த்தேன், பார்த்தது மட்டும்தான்.

“நான் போடலையே, டாக்டர்...” என்றவர் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். “தூக்கக் கலக்கத்துல போட்டுட்டேனா, தம்பி?”

“விடுங்கக்கா. வேணும்னா செஞ்சீங்க?” என்றேன்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பெருந்தன்மையை நினைத்து நானும் துடைத்துக்கொண்டேன்.

அக்கா அதன்பின் பிள்ளையைத் தொடவில்லை. எப்போதாவது வந்தால் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார். பிள்ளை இப்போது நடக்கிறான். சிறுநீரகம் பழையபடி ஆகாது என்கிறார்கள். நாளெல்லாம் தண்ணீர் கேட்கிறான். கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் கொடுக்கிறேன். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. இப்படி ஓர் அப்பா எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?