விழித்த பின் இருபது விநாடி

என் அண்ணனின் குரலை நானூற்று ஐம்பதுக்கு வாங்கினேன். கடைக்காரர் அறுநூறில் ஆரம்பித்தார். பெட்டியிலிருந்த கீறலைக் காட்டி, வேண்டாமென்று வாசல்வரை போய்த் திரும்பி, நூற்று ஐம்பது குறைத்தேன். கம்பி வைத்த சாதாரண மவுஸ்தான். மேசைமேல் நீங்கள் உறைக்குள் போட்டு வைத்திருப்பது அதுதான்.

டிக் குறியைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் சார். எழுதுகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அண்ணனும் நானும் மொத்த விலைத் துணிக்கடை வைத்திருந்தோம். பேசுவது அவர், அளப்பது நான். எதிராளி சொன்ன முதல் விலைக்கு அவர் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. அப்படிப்பட்டவருக்கு வந்த வியாதி நாக்கில்தான் கை வைத்தது. பிறகு கால், அப்புறம் கைகள். மூன்று வருடத்தில் வலது ஆள்காட்டி விரலும் மணிக்கட்டில் கொஞ்சம் அசைவும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு திரையிலிருக்கும் எழுத்துகளை மவுஸால் சொடுக்குவார். கணினி அதை வாய்விட்டுச் சொல்லும், பெண் குரலில். ஆண் குரலுக்குத் தனிக் காசு கேட்டார்கள், பேரம் படியவில்லை. மவுஸ் வந்த அன்று அந்தப் பெண் சொன்ன முதல் வாக்கியம், "நானா இருந்தா முந்நூறுக்கு முடிச்சிருப்பேன்டா."

திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும். அதைச் சொடுக்கினால் சமையலறையில் மணி அடிக்கும். தொண்டையில் சளி கட்டினால் அவரால் இருமித் துப்ப முடியாது. நான் போய்க் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். மூன்று நிமிடம்வரை தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மணி அடிக்கும். வைத்த நர்ஸ்கள் மூன்று பேரும் மாதம் முடியுமுன் போய்விட்டார்கள். கடையும் போயிற்று. என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம். போனில் சொன்னாள், "பாப்பா கொஞ்ச நாள்ல உங்கள அங்கிள்னுதான் கூப்பிடப் போறா. நான் திருத்த மாட்டேன்."

நான் அவளைக் குறை சொல்லவில்லை. முகத்தில் சோப்போடு ஓடுகிறவனை எந்தப் பெண் எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கணினி பழசு. ஓடினால் விசிறி இரையும், தலைமாட்டில் அந்தச் சத்தம் அண்ணனுக்கு ஆகாது. அதனால் ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும்படி வைத்திருந்தோம். மவுஸை அசைத்தால் திரை விழித்துக்கொள்ளும், ஆனால் அம்புக்குறி விழிக்காது. இருபது விநாடி அப்படியே நிற்கும், அப்புறம் திடீரென்று துள்ளி ஓடும். "மவுஸுன்னு சொல்லி ஆமைய வித்துட்டான்" என்றார் அண்ணன்.

தெருமுனையில் கணினி பழுதுபார்ப்பவரைக் கூட்டி வந்தேன். திருப்புளி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். மவுஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மவுஸ் மேல தப்பில்லண்ணே. கம்ப்யூட்டர் தூங்கறப்ப கரண்ட் மிச்சம் பண்றேன்னு மவுஸயும் அணைச்சிடுது. எழுந்ததும் நீ யாருப்பான்னு முதல்லேருந்து விசாரிக்குது. அதான் லேட்டு."

சாதனங்களின் பட்டியலைத் திறந்து, மின்சாரச் சேமிப்புக்கான கட்டத்திலிருந்த ஒரு டிக்கை எடுத்தார். அவ்வளவுதான். மறுபடி தூங்கவைத்து எழுப்பினோம். அம்புக்குறி விரலோடு ஓடியது. காசு வாங்க மறுத்துவிட்டார். அண்ணன் எழுத்து எழுத்தாகச் சொடுக்கி, "இப்படி ஒரு ஆள் நம்ம கடையில இருந்திருந்தா ஒரே வருஷத்துல மூடியிருப்போம்" என்றார். மூவரும் சிரித்தோம். அண்ணன் கண்ணால் சிரித்தார்.

பதினாறு நாள் அது ஒழுங்காக வேலை செய்தது. பதினேழாம் நாள் அவரைக் குளிப்பாட்ட வேறு அறைக்குக் கொண்டுபோகும் முன், நான் அந்தப் பட்டியலைத் திறந்து டிக்கைத் திரும்பப் போட்டேன். அந்தப் பட்டியலில் கை வைக்கத் தேவையான கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். இருபது விநாடி சார். கணக்குப் பாருங்கள், நாளைக்கு நாற்பது தடவை என்றால் பதின்மூன்று நிமிடத்துக்குமேல் வரும். பேரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இருபது விநாடி மௌனத்தின் அருமை தெரியும். மணி அடிக்கப் போகிறது, ஆனால் இன்னும் அடிக்கவில்லை என்ற அந்த இடத்தில் நான் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டர் கொடுத்தது மூன்று நிமிடம். அதில் இருபது விநாடி எடுப்பது யாரையும் கொல்லாது. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அண்ணன் மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்.

"டிக் திரும்ப வந்திருக்கு போல. பாஸ்வேர்டு சொல்லு, நானே எடுத்துக்கறேன்."

"மறந்துபோச்சுண்ணே."

"திருப்புளியக் கூப்பிடு."

"ஊர்ல இல்லண்ணே."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். எதிராளியின் முகத்தைப் பார்த்தே அடக்கவிலையைக் கண்டுபிடிக்கிறவர். பிறகு மெல்ல மெல்லச் சொடுக்கினார். அந்தப் பெண் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது, "சரிடா. நீ சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்."

அதற்குப் பிறகு மவுஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் இறந்தார். மவுஸ் நகரவில்லை, அதனால் மணி அடிக்கவில்லை, எனக்குத் தெரியவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னேன். திருப்புளி துக்கம் விசாரிக்க வந்தவர் கணினியைத் திறந்து பார்த்து, "நான் எடுத்த டிக்க யாரு போட்டது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டதால்தான் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மனிதர். டிக்கைப் போட்டது நான்தான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கீழே கையெழுத்தும் போடுகிறேன்.

இவ்வளவோடு நீங்கள் என்னை விட்டுவிடுவீர்கள் என்று தெரிகிறது. டிக் போட்டவனைத் தூக்கில் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் கணினி விழித்த நேரத்தையும், சிவப்புக் கட்டத்தைச் சொடுக்கிய ஒவ்வொரு நேரத்தையும் அந்தப் பேசும் மென்பொருள் பதிந்து வைக்கும். நீங்கள் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன், நேரம் மிச்சமாகட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கணினி விழித்தது மூன்று மணி பதினொரு நிமிடம். மவுஸ் தடுமாறியது இருபது விநாடி. அதற்குப் பிறகு மணி பதினான்கு தடவை அடித்தது. சமையலறையிலிருந்து அவர் கட்டிலுக்கு எட்டு அடி. நான் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பதினான்கையும் எண்ணினேன். கடைசி மணி மூன்று பதினைந்துக்கு.

ஆக மொத்தம் நான்கு நிமிடம். மவுஸ் பேரில் இருபது விநாடி. மீதி மூன்று நிமிடம் நாற்பது விநாடி என் பேரில்.