யுவராணியின் மீன் அறையில் அணையாத விளக்கு

இந்த நினைவுக் கூட்டத்தின் தலைவர் ராக்கப்பன் அவர்களே, நாடியைப் பிடித்தே இந்த மாவட்டத்தை நடத்திவரும் மருத்துவப் பெருமக்களே, டாக்டர் யுவராணியின் கத்திக்குத் தப்பாததால் எமனுக்குத் தப்பி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிப் பெருமக்களே, அவளைப் பெற்ற என் அக்கா மொக்கம்மாளே! பழனிசெட்டிபட்டி சுருளிராஜனின் வணக்கம். ஐந்து நிமிடம்தான் என்றார் தலைவர். தாய்மாமனை மேடையில் நிறுத்திவிட்டு மணி பார்க்கிறார்களே, இது நியாயமா?

யுவராணி கத்தியை எடுத்தால் மேகமலையில் மேகம் ஓரமாக ஒதுங்கி நிற்கும்! வைகை அணை மீன்களை எண்ணினாலும் எண்ணலாம், அவள் அறுத்து எறிந்த புற்றுக் கட்டிகளை எண்ண முடியாது! மிகைப்படுத்துகிறேன் என்கிறீர்களா? கொஞ்சம்தான்.

ஆனால் அவள் தோற்ற கதையை உள்ளபடியே சொல்கிறேன். மேகமலை ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர் பங்கிராஸ் அண்ணன். கன்னத்தில் கட்டி. சுத்தமாக எடுத்தாள். சில வருடத்தில் நுரையீரலில் முளைத்தது. அவர் கோபப்படவில்லை. "முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னீகளே தாயி. பெறகு எந்த வழியாப் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலண்ணே" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அந்தக் கேள்விதான் நானும் அவளும் குடியிருந்த வீட்டின் பின்னறைக்கு மீன்தொட்டிகளைக் கொண்டுவந்தது. ஜீப்ரா மீன். சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் கோடு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணாடி போல இருக்கும். ஒளிரும் புற்றணுவை அதன் உடம்பில் வைத்தால், அது எந்த ரத்தக் குழாய் வழியே நழுவி ஓடுகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். காலையில் ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்தவள், மாலையில் தப்பியோடிய அணுவைத் துரத்தினாள்.

குஞ்சு வேண்டுமென்றால் முட்டை வேண்டும், முட்டை வேண்டுமென்றால் கல்யாணம் நடக்க வேண்டும். அந்த இலாகா என்னுடையது! சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், நடுவே ஒரு தடுப்பு. விளக்கை அணைத்துவிட வேண்டும். விடிந்ததும் விளக்கைப் போட்டுத் தடுப்பைத் தூக்கினால் முட்டை மழை! "மாமா, முகூர்த்தம்!" என்று குரல் கொடுப்பாள். நான் தூக்குவேன். ஏதாவது ஒரு மாப்பிள்ளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால், "இவனும் உன்னைய மாதிரிதான் மாமா, வாய் மட்டும்தான்" என்பாள். தேனி மாவட்டத்து மண்டபங்கள் எல்லாம் சேர்ந்தாலும் நான் நடத்திய கல்யாணத்தில் கால்வாசி நடத்தியிருக்குமா? நடத்தி வைத்தது யார்? கல்யாணம் என்றாலே காத தூரம் ஓடிய ஒரு மாமனும் மருமகளும்!

அந்த அறையில்தான் மாரடைப்பில் சரிந்தாள்.

உயிர் போன இடத்தில் விளக்கு வைப்பது நம் வழக்கம். கம்பம் பள்ளத்தாக்குக் காற்று உங்களுக்குத் தெரியாததா? அகல் நிற்கவில்லை. அக்கா டியூப்லைட்டைப் போட்டாள். "வருசம் திரும்புற வரைக்கும் எம்மக இருந்த எடம் இருட்டாகக் கூடாது" என்றாள். பெற்றவள் சொன்னால் யார் மறுப்பது? கருமாதி முடிந்து அக்காவும் சொந்தங்களும் கெங்குவார்பட்டிக்குக் கிளம்பினார்கள். விளக்கும் மீனும் நானும் மிஞ்சினோம்.

அன்றிலிருந்து தினமும் தடுப்பைத் தூக்கியும் ஒரு முட்டை இல்லை. நான் என்ன செய்தேன்? என் மருமகளுக்காக மீன்கள் துக்கம் காக்கின்றன என்று டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து தொட்டியைக் கும்பிட்டுப் போனார்கள்! எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த வீட்டில் என்னோடு சேர்ந்து அழ வேறு யார் இருக்கிறார்கள்?

இன்று காலை மதுரையிலிருந்து பேராசிரியை ஜெசி வந்தார். யுவராணியோடு ஆராய்ச்சி செய்தவர். இதோ, மேடையில் இருக்கிறார்.

"லைட்ட அணைக்கிறதே இல்லையா மாமா?"

"அணைக்கக் கூடாதும்மா. அதுகளும் துக்கத்துல இருக்குதுக."

"அதுக அழுகல மாமா. அதுகளுக்கு இன்னும் ராத்திரியே வரல. இருட்டாகி விடிஞ்சாத்தான் முட்டை போடும்."

விளக்கணைப்பதைக் கரண்டு பில்லுக்காக என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

அவர் அதோடு நிறுத்தவில்லை. அவை யுவராணி தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்த மீன்கள், வேறெங்கும் கிடைக்காதவை. அவற்றுக்கு வயதாகிவிட்டது. இந்த மாதம் முட்டை இடாவிட்டால் வம்சம் அற்றுப்போகும், அவள் வேலையும் அதோடு முடியும்.

அக்கா! சபையறியக் கேட்கிறேன். இன்று சாயங்காலம் அந்த விளக்கை அணைக்க எனக்கு உத்தரவு கொடு. அணைத்தால் உன் மகளை இருட்டில் விட்டதாக ஆகாது. பங்கிராஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு அவள் தேடிய பதில் அந்தத் தொட்டியில்தான் நீந்துகிறது.

என்னக்கா? மைக்குக்கு எட்டவில்லை, சத்தமாகச் சொல்.

கேட்டீர்களா? "அணைச்சுக்கடா. விடிஞ்சதும் மறக்காமப் போட்டுரு" என்கிறாள்!

மறக்க மாட்டேன் அக்கா. இந்த மேடையில் உறுதி சொல்கிறேன்: ஜெசி அம்மா அந்த ஆராய்ச்சியைத் தொடர்வார், அதற்கு மீன் கொடுப்பது என் பொறுப்பு. கோடிக்குக் குறைந்து எதையும் சொல்லிப் பழகாத இந்த வாய் இன்று கேட்பதெல்லாம் ஒரே ஒரு முட்டை.

நாளை விடிந்ததும் விளக்கைப் போடுவேன். கூப்பிடுகிறாளா என்று பழக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு, "மாமா, முகூர்த்தம்" என்று நானே சொல்லிக்கொண்டு தடுப்பைத் தூக்குவேன்.