மூன்று பெயர்கள் எழுதிய தாள்

வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் சமையலறையைத்தான் பார்ப்பார்கள். இழுப்பறையை இழுத்துப் பார்ப்பார்கள், குழாயைத் திருகுவார்கள், ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால் அதன் கீழே தங்கள் பிள்ளை விளையாடுவதாக மனதுக்குள் ஒரு படம் ஓட்டிக்கொள்வார்கள். நிலவறைக்கு ஆசையோடு இறங்கியவர் ஒருவரைக்கூட இந்த இருபத்திரண்டு வருடத் தரகு வேலையில் நான் பார்த்ததில்லை, அதிகாரி அம்மா. அதற்குத்தான் வீட்டுப் பரிசோதகர் என்று ஒருவர் தேவைப்படுகிறார். நீங்களும் பைன் தெருவில் வீடு பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். சின்ன ஊர், எதுவும் மறையாது.

நீங்கள் கேட்டது ஜெனெல் சோப்சாக்கைப் பற்றியும் அவள் மகள் மேரனைப் பற்றியும். அங்கேதான் வருகிறேன். ஆற அமரச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

அந்த வீடு ஆர்லீன் கிழவியுடையது. அவள் முதியோர் இல்லத்துக்குப் போனதும் அவள் மகன் விற்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தான். ஜூன் மாதம் டெட்ராய்ட்டிலிருந்து ஒரு தம்பதி வாங்க வந்தார்கள். பரிசோதகரை அவர்களே பிடித்து வந்தார்கள். கோர்டி ஹியெட்டலா. அவரை எங்கள் தரகர் வட்டாரத்தில் கல்யாணம் கலைக்கிறவர் என்போம். சொந்த விளக்கு கொண்டுவருவார், தரையில் மல்லாந்து படுப்பார், ஐந்து மணி நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். அன்று மாலையே அந்தத் தம்பதி வேண்டாம் என்று போய்விட்டார்கள். பின்னாலேயே கோர்டியின் ஃபோன் வந்தது.

"லோர்னா, வீட்டைச் சூடாக்கற அந்த நிலவறை ஹீட்டரை இனி யாரும் போடக் கூடாது. உள்தகடு வெடிச்சுக் கிடக்கு. எரியிற விஷவாயு அப்படியே வீட்டுக்குள்ள வரும், வாசனைகூட இருக்காது. ரிப்போர்ட்டை உனக்கு அனுப்பட்டுமா?"

"வேண்டாம் கோர்டி, அனுப்பாதீங்க."

"ஏம்மா?"

"அனுப்பாதீங்க, அவ்வளவுதான்."

இதில் தவறு ஏதும் இல்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். தெரிந்த குறையை அடுத்து வாங்குகிறவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அறிக்கை கைக்கு வந்தால் தெரியும் என்றாகிவிடும். வராவிட்டால் தெரியாது. நேற்று நீங்கள் இதற்கு, "பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டு போயிடுமா, லோர்னா?" என்று கேட்டீர்கள். இருண்டுதான் போகும், அம்மா. பூனைக்காவது இருண்டு போகும்.

புது ஹீட்டர் வைக்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் ஆர்லீனின் மகன் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் எனக்குத் தெரியும் என்று அர்த்தம். அதோடு, ஒரு முறை கைவிடப்பட்ட வீட்டைப் பற்றி ஊர் பேச ஆரம்பித்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இரண்டாவது முறையும் தட்டிப்போனால் அது ராசியில்லாத வீடாகிவிடும், நான் ராசியில்லாத தரகர் ஆகிவிடுவேன். 'லோர்னா முடித்தால் முடித்ததுதான்' என்று என் காபிக் கோப்பையிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டில் சோப்சாக் குடும்பம் வந்தது. கணவன் பிரென்ட் மர லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டான். ஜெனெல் பல் மருத்துவரிடம் வேலை பார்த்தாள். மேரனுக்கு நான்கு வயது, முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். முதல் வீடு என்பதால் ஜெனெலுக்கு எல்லாவற்றிலும் பயம்.

"பரிசோதகர்னு யாரைக் கூப்பிடறது, லோர்னா? எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. நீங்களே ஒருத்தரைச் சொல்லுங்களேன்."

"நான் சொல்லக் கூடாது, கண்ணு. மூணு பேர் எழுதித் தரேன். யாருன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

மூன்று பெயர் தருவது எங்கள் அலுவலகத்தின் வழக்கம். ஒரே பெயரைக் கொடுத்தால் நாளைக்கு நம் தலையில் விடியும். முதல் பெயர் பக்கத்து நகரத்தில் இருக்கிற ஒரு நிபுணர். மிகவும் நல்லவர், ஆனால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பரிசோதனைக்கு இருந்த கெடு பத்து நாள். இரண்டாவது ஆள் அந்த வசந்தத்தோடு வீடு பார்ப்பதை விட்டுவிட்டுத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் போகிறார். மூன்றாவது மெர்ல் ஸ்டாங்கல். எழுபத்து நான்கு வயது. தங்கமான மனிதர். முட்டி மட்டும் மடங்காது. அந்த ஹீட்டரின் கீழ்த் தகட்டைக் கழற்ற வேண்டுமானால் மண்டியிட்டாக வேண்டும்.

தாளைப் படித்துவிட்டு ஜெனெல் நிமிர்ந்தாள். "ஹியெட்டலான்னு ஒருத்தர் ரொம்ப நல்லாப் பார்ப்பாராமே. எங்க டாக்டர் சொன்னார்."

ஒளிக்காமல் சொல்கிறேன். சரியான பெயர் அவள் வாயிலேயே இருந்தது. நான் சிரித்தேன். "அவரா? சர்ச்சுல மணி அடிச்சாக்கூட மணியில விரிசல்னு ரிப்போர்ட் எழுதுவாரு. உன்னை வீடே வாங்க விடமாட்டாரு, கண்ணு." அவளும் சிரித்துவிட்டாள். பிரென்ட் மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்து, "இவரையே கூப்பிடுவோம்" என்றான். கவனியுங்கள், அவன்தான் விரல் வைத்தான்.

மெர்ல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஹீட்டரை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நின்றபடியே காதைச் சாய்த்து, "நல்ல சத்தம்" என்றார். மேரனுக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார். கூடத்துச் சுவரில் விஷவாயுவுக்கான எச்சரிக்கை மணி இருந்தது. பொத்தானை அழுத்தினார், கீச்சென்று கத்தியது. மேரன் காதைப் பொத்திக்கொண்டு, "நானும் அழுத்தணும், நானும்" என்று குதித்தாள். நான்தான் அவளைத் தூக்கிப் பிடித்தேன். நான்கு தடவை அழுத்தினாள். அந்த மணிக்குப் பதினான்கு வயது. பொத்தானை அழுத்தினால் கத்தும், அவ்வளவுதான். வாயுவை மோப்பம் பிடிக்கும் பாகம் செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். இது தரகர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அக்டோபர் கடைசியில் முதல் பனி விழுந்தது. அன்றிலிருந்து எனக்குப் பயம். அன்றே கடைக்குப் போய் என் வீட்டுக்கு நான்கு புது எச்சரிக்கை மணிகள் வாங்கி மாட்டினேன். என் ஹீட்டர் புதிது, தேவையே இல்லை. ஆனாலும் படுத்தால் மணியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். தினமும் அலுவலகம் போகும்போது அவர்கள் தெரு வழியாகக் காரை ஓட்டினேன். புகைபோக்கியில் புகை தெரியும். வாசலில் மேரனின் சிவப்புப் பனிச்சறுக்குப் பலகை இருக்கும். ஒவ்வொரு நாளும் நிற்காமல் போய்விடுவேன்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் பிரென்ட் லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனான். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் இருந்தார்கள்.

இறுதிச் சடங்குக்கு நான் போனேன். வீட்டிலேயே பாஸ்டி அப்பம் சுட்டு, உருளைக்கிழங்கும் இறைச்சியும் நிறைய வைத்து, இரண்டு தட்டு கொண்டுபோனேன். சர்ச்சின் கீழ்த்தளத்தில் பிரென்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றான்.

"நான்தானே லோர்னா அந்தக் கிழவனைத் தேர்ந்தெடுத்தேன். என் விரலாலதானே காட்டினேன். என் கையாலயே அவங்களைக் கொன்னுட்டேனே."

"அப்படிச் சொல்லாதேப்பா. நல்லது நெனச்சுத்தானே தேர்ந்தெடுத்தே."

ஆமாம், அதைத்தான் சொன்னேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். மெர்லும் ஒரு மூலையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது அந்த ஃபோன் பட்டியலை என் முன்னால் தள்ளுகிறீர்கள். தெரியும். வியாழக்கிழமை காலை, ஜெனெலின் எண்ணிலிருந்து எனக்கு வந்தது, ஆறு நிமிடம். அதை நான் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள், நீங்கள் கேட்கட்டும் என்றிருந்தேன்.

ஒரு ஜன்னல் சரியாக மூடவில்லை, யாரைக் கூப்பிடுவது என்று கேட்கத்தான் ஃபோன் செய்தாள். குரல் குழறியது.

"ஃப்ளூ போல இருக்கு, லோர்னா. மூணு நாளாத் தலைவலி. மேரன் வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கா. ஆனா ஒரு வேடிக்கை, கடைக்குப் போனா ரெண்டு பேருக்கும் சரியாயிடுது. வீட்டுக்கு வந்தா மறுபடி ஆரம்பிக்குது."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உடனே வெளியே போ" என்றால் போதும். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். பிரென்ட் கேட்பான், கோர்டி பேசுவார், அறிக்கை வெளியே வரும், என் உரிமம் போகும். இவ்வளவும் ஒரு மூச்சில் என் தலைக்குள் ஓடியது. எனக்கு அவ்வளவு பயம். அந்தப் பயத்தை யாராவது எடை போட்டுப் பார்த்திருந்தால் என்மேல் இரக்கப்படுவார்கள்.

"எல்லாருக்கும்தான் வந்திருக்கு கண்ணு, இந்தக் குளிருக்கு" என்றேன். "அந்த ஜன்னல் இடுக்குல துணியைச் சுருட்டி நல்லா அடைச்சுடு. ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்கோ. ரெண்டு பேரும் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க, தூங்கினா சரியாயிடும்."

"நீங்க இருக்கறது எவ்வளவு தைரியமா இருக்கு தெரியுமா?" என்றாள். துணியை அடைத்திருந்தாள். உங்கள் ஆட்கள் எடுத்த படத்தில் பார்த்தேன். சமையலறைத் துண்டு, நீலக் கோடு போட்டது. அவர்கள் குடிபுகுந்தபோது நான் பரிசாகக் கொடுத்தது.

அவ்வளவுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஹீட்டர் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க முடியாதவர் யார் என்றும் தெரியும். வியாழக்கிழமை அவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன்.

அப்படியே அந்தப் பேனாவோடு ஒரு வெற்றுத் தாளும் கொடுங்கள், அம்மா. பைன் தெரு வீடுகளெல்லாம் பழசு, நல்ல பரிசோதகராகப் பார்க்க வேண்டும். மூன்று பெயர் எழுதித் தருகிறேன். யார் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன், அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.